தினமும் வலி மாத்திரை போட்டா கிட்னி போயிடுமா? திருப்பூர்ல இருந்து வந்த கேள்விக்கு என் பதில்

திருப்பூர்ல பனியன் கம்பெனியில ஓவர்லாக் மெஷின் ஓட்டுற ஒரு அம்மா எழுதியிருக்காங்க. வயசு 47. வலது முட்டி, இடுப்பு ரெண்டும் வலி, ரெண்டு வருஷமா காலையில ஒரு வலி மாத்திரை, ஓவர்டைம் இருந்தா சாயங்காலம் இன்னொண்ணு. அசெக்ளோஃபெனாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. சேர்ந்த மாத்திரை, மெடிக்கல்ல கேட்டா அட்டையில கத்திரிச்சு கொடுத்துடறாங்களாம். அதோட பி.பி.க்கு டெல்மிசார்டன் - ஹைட்ரோகுளோரோதயசைடு மாத்திரையும் போடறாங்க. "சாப்பிட்டுட்டுத்தான் போடறேன் டாக்டர், கேஸ் மாத்திரையும் சேத்துதான் போடறேன், ஆனா பக்கத்து லைன் அக்கா கிட்னி போயிடும்னு பயமுறுத்துறாங்க, நிஜமா? மாத்திரை போடாட்டி மெஷின்ல உக்கார முடியல"ன்னு கேட்டிருக்காங்க.

அம்மா, மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். ரெண்டு வருஷம் போட்டதால கிட்னி போயிருச்சுன்னு அர்த்தம் இல்ல, நிறைய பேருக்கு சரியான நேரத்துல நிறுத்தினா பழையபடி ஆயிடும். ஆனா அந்த அக்கா சொன்னதுல விஷயம் இருக்கு, அதுவும் உங்க விஷயத்துல மத்தவங்களவிட ஜாஸ்தியா இருக்கு. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

நம்ம உடம்புல புரோஸ்டாகிளாண்டின்னு ஒரு பொருள் சுரக்குது. அடிபட்ட இடத்துல, தேஞ்ச மூட்டுல வலியையும் வீக்கத்தையும் கிளப்பிவிடறது இதுதான். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் எல்லாம் இந்தப் பொருள் உற்பத்தி ஆகறதையே தடுக்குது, அதனாலதான் அரை மணி, ஒரு மணி நேரத்துல வலி அடங்குது. 1971ல ஜான் வேன்னு ஒரு விஞ்ஞானி ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்யுதுன்னு கண்டுபிடிச்சாரு, 1982ல நோபல் பரிசுல அவருக்கும் பங்கு கிடைச்சுது. சிக்கல் என்னன்னா, இதே குடும்பத்துப் பொருள்தான் இரைப்பையோட உள் சுவரை ஆசிட் அரிக்காம காப்பாத்துது, கிட்னிக்குள்ள ரத்தம் போற குழாயை விரிச்சும் வெக்குது. மாத்திரைக்கு முட்டி எது, கிட்னி எதுன்னு தெரியாது, ரத்தத்துல கலந்துட்டா எல்லா இடத்துலயும் சேத்துத்தான் நிறுத்தும்.

அதனாலதான் சாப்பிட்டுட்டு போட்டா ஒண்ணும் ஆகாதுன்னு எல்லாரும் நம்பறது பாதிதான் சரி. சாப்பாடு எரிச்சலைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான், ஏன்னா புண்ணு வர முக்கிய காரணம் மாத்திரை வயித்தைத் தொடறது இல்ல, ரத்தம் வழியா வந்து அந்தப் பாதுகாப்பை எடுத்துடறது. ஊசியா போட்டாக்கூட வயித்துல புண்ணு வரலாம். கேஸ் மாத்திரைன்னு நீங்க சொல்றது பான்டோபிரசோலோ ஒமிபிரசோலோ இருந்தா இரைப்பைப் புண்ணுக்கு நல்ல பாதுகாப்பு, மறுக்க மாட்டேன். ஆனா கிட்னிக்கு அதால ஒரு பிரயோஜனமும் இல்ல. வயிறு எரியல, அதனால மாத்திரை நமக்கு ஒத்துக்குதுன்னு நெனச்சு வருஷக்கணக்கா ஓட்டிடறாங்க, அதுதான் எனக்கு பயம்.

இப்ப உங்க கிட்னிக்கு வரேன். வாய்க்கால்ல தண்ணி வந்து வயலுக்குள்ள போய் வெளிய வடியுற மாதிரி நெனச்சுக்கோங்க. உள்ள வர மடையைத் திறந்து வெக்கிறது புரோஸ்டாகிளாண்டின், வலி மாத்திரை போட்டா அந்த மடை சுருங்குது. டெல்மிசார்டன் என்ன பண்ணும்னா வெளிய போற மடையை அகலமா திறந்துவிடும், அது தனியா இருக்கும்போது கிட்னிக்கு நல்லதுதான், சுகர் இருக்கறவங்களுக்கு கிட்னியைக் காப்பாத்தவே கொடுக்கிறோம். ஹைட்ரோகுளோரோதயசைடு நீர் பிரியற மாத்திரை, வாய்க்கால்ல வர தண்ணியையே குறைக்கும். ஆக வர தண்ணி கம்மி, உள்ள வர மடை சுருங்கிடுச்சு, வெளிய போற மடை திறந்து கிடக்கு, வயல்ல தண்ணி நிக்குமா? ஃபில்டர் பண்ற அழுத்தமே கிட்னிக்குள்ள விழுந்துடும். இந்த மூணு மருந்தும் ஒண்ணா சேர்றது எங்க படிப்புலயே தனியா எச்சரிச்சு சொல்லித் தர்ற விஷயம், ஆனா பி.பி. மாத்திரை ஒரு டாக்டர்கிட்ட, வலி மாத்திரை மெடிக்கல்லன்னு தனித்தனியா வாங்கும்போது ரெண்டையும் சேத்துப் பாக்க யாருமே இல்லாம போயிடுது.

இன்னொண்ணு, நீங்க எழுதல, நானே கேக்கறேன். ஷிப்ட்டுல எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க? தையல் லைன்ல இருந்து வர என் பேஷண்ட்டுங்ககிட்ட கேட்டா முக்காவாசிப் பேர் ஒரே பதில்தான் சொல்றாங்க, பாத்ரூம் போனா பீஸ் கணக்கு கொறையும், சூப்பர்வைசர் முறைப்பாரு, அதனால மதியம் வரைக்கும் தண்ணியே குடிக்கிறதில்லன்னு. மே மாசத்துல தகரக் கூரைக்குக் கீழ 10 மணி நேரம் தண்ணி இல்லாம உக்காந்து, மேல இந்த மூணு மருந்தும் இருந்தா, வாந்தி பேதின்னு ஒரு நாள் வந்தாலே கிட்னி திடீர்னு நின்னுபோக அது போதும். அடுத்தவங்க இதே மாத்திரையைப் போட்டுட்டு நல்லா இருக்காங்களேன்னு பாக்காதீங்க, அவங்களுக்கு பி.பி. இல்லாம இருக்கலாம், நாலு சொம்பு தண்ணி குடிக்கிறவங்களா இருக்கலாம்.

இதையும் சொல்லணும், வலி மாத்திரை உடம்புல உப்பையும் தண்ணியையும் தேக்கி வெச்சு பி.பி.யை ஏத்தும், பி.பி. மாத்திரையோட வேலையையும் கெடுக்கும். பி.பி. குறையலன்னு மாத்திரை பவரை ஏத்திக்கிட்டே போய் கடைசியில பாத்தா காரணம் முட்டி வலி மாத்திரையா இருக்கும். ஹார்ட் விஷயமும் இருக்கு, ரோஃபெகாக்சிப்னு ஒரு வலி மாத்திரை ஹார்ட் அட்டாக்கை அதிகப்படுத்துதுன்னு 2004ல உலகம் முழுக்க வாபஸ் வாங்கினாங்க, அந்த மாத்திரை சேர்ந்த வகைக்கு இருக்கற மாதிரியே டைக்ளோஃபெனாக்குக்கும் ஹார்ட் ரிஸ்க் இருக்குன்னு 2013ல ஐரோப்பிய மருந்து ஆணையம் சொல்லிடுச்சு. ஏற்கெனவே ஹார்ட் அட்டாக் வந்தவங்க, ஸ்டென்ட் வெச்சவங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறவங்க, இந்த வகை மாத்திரையை தானா வாங்கிப் போடவே கூடாது. கர்ப்பத்துல 20 வாரத்துக்கு மேலயும் வேண்டாம், டெங்கு சந்தேகம் இருக்கற காய்ச்சல்லயும் வேண்டாம்.

வேலை செய்யணுமேன்னு தினமும் மாத்திரை போடறது உங்களோட மட்டும் இருக்கற கதை இல்லம்மா. 1950கள்ல சுவிட்சர்லாந்துல வாட்ச் ஃபேக்டரிகள்ல வேலை பாத்த பெண்கள், நுணுக்க வேலையால வர தலைவலிக்காக தினமும் வலி மருந்து எடுத்துக்கிட்டே வேலை செஞ்சாங்க. வருஷங்கள் கழிச்சு கிட்னி கெட்டு வந்தப்பதான் அங்க டாக்டருங்க கண்டுபிடிச்சாங்க, அந்த மருந்துல இருந்த ஃபினாசெட்டின்தான் முக்கியக் குற்றவாளின்னு. அது இப்ப மார்க்கெட்ல இல்ல. ஆனா மெஷின் முன்னாடி உக்கார்றதுக்காக மருந்துங்கிற அந்த நிலைமை அப்படியேதான் இருக்கு, எனக்கு அதை நெனச்சா மனசு கஷ்டமா இருக்கு.

சரி, என்ன பண்ணணும். வலி மாத்திரையை நிறுத்துங்க, பி.பி. மாத்திரையை நிறுத்தாதீங்க, இதை மாத்திப் புரிஞ்சுக்கறவங்க நிறைய பேர், அதனால ரெண்டு தடவை படிங்க. நீங்க சொன்ன இந்த மாத்திரையை படிப்படியா குறைக்க வேண்டியதில்ல, நாளைக்கே விடலாம். ஆனா இதோட மெடிக்கல்ல அட்டை இல்லாம உதிரியா பொட்டலம் கட்டிக் கொடுக்கிற கலர் கலரான செட் மாத்திரையும் எப்பவாவது தொடர்ந்து போட்டிருந்தா அது வேற கதை, அதுல பல தடவை ஸ்டீராய்டு இருக்கும், வலி மந்திரம் போட்ட மாதிரி பறக்கும், முகம் உப்பும், சுகர் ஏறும், அதை மாசக்கணக்கா போட்டுட்டு திடீர்னு விட்டா உடம்பு தாங்காம மயக்கம் போட்டு விழலாம். அப்படி இருந்தா பொட்டலத்தோட டாக்டர்கிட்ட போங்க, அவங்கதான் குறைச்சு விடணும்.

அடுத்து டெஸ்ட். ரத்தத்துல கிரியேட்டினின், அதாவது நம்ம ஊர்ல உப்பு டெஸ்ட்டுன்னு சொல்றது, யூரின்ல அல்புமின், கூடவே ஹீமோகுளோபின், லிவர் டெஸ்ட். அரசு ஆஸ்பத்திரியிலயே எடுக்கலாம், சம்பளத்துல இ.எஸ்.ஐ. பிடிச்சா அங்கயும் எடுக்கலாம். இதுல ஒரு இடம் பாருங்க, லேப் பேப்பர்ல கிரியேட்டினின் 1.2ன்னு வந்து பக்கத்துல நார்மல் 0.6 - 1.2ன்னு அச்சடிச்சிருக்கும், நார்மல்தானேன்னு மடிச்சு வெச்சுடுவாங்க. ஆனா 47 வயசுப் பெண்ணுக்கு 1.2ன்னா கிட்னியோட ஃபில்டர் அளவு, இ.ஜி.எஃப்.ஆர்.னு சொல்வோம், 56 கிட்டதான் வரும், 60க்குக் கீழ போனாலே நாங்க உஷாராகணும். அதனால கிரியேட்டினின் மட்டும் பாக்காம இ.ஜி.எஃப்.ஆர். எவ்வளவுன்னு கேளுங்க. கிட்னி பாதிக்குப் பாதி வேலையை இழக்கிற வரைக்கும்கூட உடம்புல ஒண்ணும் தெரியாம இருக்கும், கால் வீக்கம் வந்தப்புறம் பாத்துக்கலாம்னு இருந்துடாதீங்க.

ஹீமோகுளோபின் ஏன் கேட்டேன்னா, இரைப்பைப் புண்ணுல இருந்து கொஞ்சம் கொஞ்சமா ரத்தம் கசியலாம், வலியே இருக்காது, ஏன்னா வலி தெரியாம இருக்கத்தானே மாத்திரையே போடறோம். எங்கிட்ட ஒருத்தர் வந்தாரு, ஹோட்டல்ல பரோட்டா மாஸ்டர், நாள் முழுக்க நின்ன கால் வலிக்கு வலி மாத்திரை, மாடி ஏறினா மூச்சு வாங்குதுன்னு ஹார்ட்டுக்கு ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லி வந்தாரு. கண் இமையை இழுத்துப் பாத்தா உள்ள வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்துது. மலம் எப்படிப் போகுதுன்னு கேட்டா, ஒரு மாசமா தார் மாதிரி கருப்பா, பிசுபிசுன்னு போகுது, சாப்பாட்டு வேகம்னு விட்டுட்டேன்னு சொன்னாரு. அன்னைக்கே ரத்தம் ஏத்த வேண்டி வந்துது. இரும்புச்சத்து மாத்திரை போடாமலே மலம் அப்படிப் போனா, இல்ல ரத்தமா வாந்தி வந்தா, ஒரு நிமிஷம்கூட யோசிக்காம ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.

இப்ப வலிக்கு என்ன பண்றதுன்னு கேப்பீங்க, அதுதான நிஜமான கேள்வி. மாத்திரையை விட்ட மொத வாரம் வலி கூடும், அதுக்குத் தயாரா இருங்க. முட்டிக்கு டைக்ளோஃபெனாக் ஜெல் தடவுங்க, தடவும்போது ரத்தத்துல சேர்றது மாத்திரையில சேர்றதுல சுமார் 6 சதவீதம்தான், முட்டி மாதிரி தோலுக்குப் பக்கத்துல இருக்கற மூட்டுக்கு நல்லாவே கேக்கும், ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை, ரெண்டு மூணு வாரம். டெஸ்ட்ல கிரியேட்டினின் கூட வந்தா ஜெல்லையும் டாக்டரைக் கேட்டுட்டு தடவுங்க. இடுப்புக்கு அது அவ்வளவா வேலை செய்யாது, வெந்நீர் ஒத்தடம் கொடுங்க, ஜெல் தடவின இடத்துக்கு மேல மட்டும் ஒத்தடம் வேண்டாம். ரொம்ப முடியாத நாள்ல வெறும் பாராசிட்டமால் 650 போடலாம், ஆறு மணி நேர இடைவெளி விட்டு ஒரு நாளைக்கு அதிகபட்சம் மூணு, கிட்னிக்கு அது பரவாயில்ல. ஆனா அதுவும் தினமும் வருஷம் பூரா இல்ல, லிவர்னு ஒண்ணு இருக்கு, சளி மாத்திரையிலயும் காய்ச்சல் மாத்திரையிலயும் பாராசிட்டமால் ஒளிஞ்சிருக்கும், அட்டை பின்னாடி படிச்சு கணக்குல சேருங்க. வீட்டுல தினமும் குடிக்கிறவங்க இருந்தா இந்த அளவு அவங்களுக்குப் பொருந்தாது.

அப்ப யாருமே வலி மாத்திரையைத் தொடக்கூடாதான்னா அப்படி சொல்லல. சுளுக்கு, பல்வலி, மாதவிடாய் வலின்னு வேற வியாதி இல்லாத ஆளு ரெண்டு மூணு நாள் போடறதுல பெரிசா ஒண்ணும் ஆகாது. அமெரிக்காவுல கடையில சீட்டு இல்லாம கிடைக்கிற ஐபுபுரோஃபென் டப்பாவுலேயே வலிக்குன்னா 10 நாளைக்கு மேல டாக்டரைக் கேக்காம போடாதீங்கன்னு அச்சடிச்சிருக்கும், நீங்க 700 நாள் தாண்டிட்டீங்க. தலைவலிக்காக மாசத்துல 15 நாளும் அதுக்கு மேலயும் மாத்திரை போடறவங்களுக்கு அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும், அது தனியா எழுத வேண்டிய விஷயம்.

உங்க வலது முட்டி மட்டும் ஏன் ஜாஸ்தியா வலிக்குதுன்னு யோசிச்சீங்களா? பெடலை எந்தக் கால்ல மிதிக்கிறீங்க? ஸ்டூல் குட்டையா இருந்தா முட்டி இடுப்பைவிட மேல நிக்கும், மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் சிப்பி எலும்புல பாரம் விழும். ஸ்டூலை உயர்த்தச் சொல்லுங்க, இல்லன்னா வேஸ்ட் துணியை மடிச்சு குஷனா போட்டுக்கோங்க. உக்காந்த இடத்துலயே காலை நேரா நீட்டி பத்து எண்ணுற வரைக்கும் தொடையை இறுக்கிப் பிடிச்சு இறக்குங்க, ஒவ்வொரு கால்லயும் பத்து பத்து தடவை, காலை, டீ டைம், ராத்திரி. சாதாரணமா தெரியும், ஆனா முட்டித் தேய்மானத்துக்கு தொடைத் தசையை பலப்படுத்தறது மாத்திரைக்குக் குறைஞ்சது இல்ல, ஆறு வாரம் விடாம செஞ்சா வித்தியாசம் தெரியும். உடம்பு எடை ஒரு கிலோ குறைஞ்சா ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல சுமார் நாலு கிலோ பாரம் குறையும். பிசியோதெரபி இ.எஸ்.ஐ.யிலயும் அரசு ஆஸ்பத்திரியிலயும் இருக்கு. கீழ உக்காந்து எழுந்திருக்கறதை கொஞ்ச நாள் விடுங்க, முடிஞ்சா வெஸ்டர்ன் டாய்லெட். ஒரு பாட்டில் தண்ணியை மெஷின் பக்கத்துல வெச்சுக்கோங்க, பாத்ரூம் போறதுக்கு யாராவது சொன்னா டாக்டர் சொல்லியிருக்காருன்னு சொல்லுங்க, வேணும்னா சீட்டு எழுதியே வாங்கிக்கோங்க.

காலையில எழுந்ததும் விரல் மூட்டெல்லாம் வீங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல மடக்க முடியாம இருக்கா, இல்ல கால் மரத்துப்போய் யூரின் கட்டுப்பாடு போகுதா, இல்ல ராத்திரி படுத்தாலும் விடாத இடுப்பு வலியோட எடை குறையுதா, அப்ப இது வெறும் தேய்மானம் இல்ல, நான் சொன்ன ஒத்தடம் ஜெல்லோட நிக்காம நேரா டாக்டரைப் பாருங்க.

போகும்போது பி.பி. மாத்திரை, வலி மாத்திரை, கேஸ் மாத்திரை எல்லா அட்டையையும் ஒரே கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க, பேர் ஞாபகம் இல்லன்னா பரவாயில்ல, அவங்க பாத்துப்பாங்க. டெஸ்ட்ல கிரியேட்டினின் கூடுதலா வந்தா பயந்துடாதீங்க, வலி மாத்திரை இல்லாம ரெண்டு வாரம் நல்லா தண்ணி குடிச்சுட்டு திரும்ப எடுத்துப் பாக்கணும், பல பேருக்கு அதுலயே இறங்கிடும். ரிசல்ட் வந்ததும் எனக்கு எழுதுங்க, இ.ஜி.எஃப்.ஆர். எண்ணையும் அன்னைக்கு பி.பி. எவ்வளவு இருந்துதுன்னும் சேத்து எழுதுங்க.