அவள் முன்பே கொடுத்த புகார்

அன்புள்ள அக்கா,

பெண்கள் கொலையாகும் செய்திகளைப் பத்திரிகைகள் எழுதும் விதம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். கொலை நடந்த அன்றைக்கே போலீஸ் ஆளைப் பிடித்துவிடுகிறது, அதைப் பத்திரிகை பாராட்டினால் என்ன தப்பு? வீட்டுக்குள் நடக்கும் சண்டைக்குப் போலீஸ் என்ன செய்யும்?

சே., திருமங்கலம்

அன்புள்ள தம்பி,

பிடித்ததைப் பாராட்டலாம். ஆனால் பல கொலைகளில் ஆளைத் தேடவே வேண்டியதில்லை. கணவன், இல்லையென்றால் விடாமல் பின்னால் சுற்றியவன். சில நேரம் அவன் பெயரை அந்தப் பெண்ணே முன்பு ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

மகளிர் காவல் நிலையத்துக்குப் போய் வந்த பெண்களைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். "பிள்ளைங்க முகத்தப் பாத்தாவது அனுசரிச்சுப் போம்மா" என்பார்கள். இனி அடிக்க மாட்டேன் என்று அவன் எழுதிக் கொடுப்பான். அவள் கையில் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது. புகார் வந்ததற்கு அத்தாட்சி, அவ்வளவுதான்; வழக்கு கிடையாது. சாயங்காலம் அதே வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். தன்னை ஸ்டேஷன் வாசல் ஏற வைத்துவிட்டாள் என்ற ஆத்திரமும் அவனுக்கு இப்போது சேர்ந்திருக்கும்.

வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. குடும்பத் தகராறு போன்றவற்றில் முதலில் விசாரிக்கலாம் என்றும் சொன்னது. அது வழக்குக்கு இடமிருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான். நம் ஊரில் அந்த இடைவெளியில்தான் சமாதானம் பேசி அனுப்புகிறார்கள்.

சரி, பத்திரிகைக்கு வருவோம். நிருபருக்குக் கிடைப்பது பெரும்பாலும் போலீஸ் சொன்ன தகவல். 'நடத்தையில் சந்தேகம்', 'போன் பேசியதால் ஆத்திரம்' என்று கொன்றவன் சொன்னதே செய்தியாகிவிடும். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கோர்ட் அவனுக்கு எதிரான சாட்சியமாகக்கூட எடுக்காது. அதை வைத்துத்தான் டீக்கடையில் செத்தவளுக்குத் தீர்ப்பு எழுதுகிறார்கள். அவள் வந்து மறுக்கவா முடியும்?

அதிகாரி சொன்னார் என்பதற்காக எல்லாவற்றையும் அச்சேற்ற முடியாது. பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைப் போலீஸ் அதிகாரியே வெளியே சொன்னார். அடையாளத்தை வெளியிட்டதற்காக 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கும்படி 2019-இல் அரசுக்கு உத்தரவிட்டது நம் மதுரை ஒத்தக்கடையில் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளைதான்.

அடுத்த முறை இப்படியொரு செய்தி வந்தால் அந்தப் பத்திரிகைக்கும் ஒரு கடிதம் போடுங்கள், தம்பி. அவள் முன்பு புகார் கொடுத்திருந்தாளா, எந்தத் தேதியில், யார் விசாரித்தார்கள், ஏன் எஃப்.ஐ.ஆர். போடவில்லை என்று ஸ்டேஷனில் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.