ஆப் டிசைன் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

பணம் கட்டும் ஆப்கள், விண்ணப்பப் படிவங்கள் இவற்றை டிசைன் செய்வது என் வேலை. வந்த கேள்விகளில் சில இங்கே.

அக்கா, எங்கள் ஸ்டார்ட்அப்பில் நாலு பேர்தான், காசும் இல்லை. பயனர்களுக்கு என்ன வேணும் என்று தெரிந்துகொள்ள ஒரு கூகுள் ஃபார்ம் அனுப்பினால் போதாதா?

போதாது. "இந்த வசதி வந்தால் பயன்படுத்துவீர்களா" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும், ஆசையாகக் கேட்கிற பிள்ளையிடம் இல்லை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? நாலைந்து பேரைப் பிடித்து, கையில் ஃபோனைக் கொடுத்து, "இதில் கரன்ட் பில் கட்டிக் காட்டுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும், அதுதான் இதில் கஷ்டமான வேலை. சர்வீஸ் நம்பருக்காகப் பழைய பில்லைத் தேடி உள்ளே போகிறாரா, ஓடிபி பார்க்க வெளியே போனவர் ஆப்புக்குத் திரும்பி வரத் தெரியாமல் நிற்கிறாரா, இதெல்லாம் எந்த ஃபார்மிலும் வராது.

ஆப், வெப்சைட் எல்லாம் பயன்படுத்த எளிதாக இருக்கிறதா என்று ஆராய்கிற ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியதை எல்லாரும் பாதிதான் சொல்வார்கள்: 5 பேரிடம் சோதித்தால் சுமார் 85 சதவீதச் சிக்கல்கள் தெரிந்துவிடும். மீதிப் பாதி, 15 பேருக்குக் காசு இருந்தால் ஒரேயடியாகச் செலவழிக்காமல், நடுவில் திருத்திக்கொண்டே ஐந்தைந்து பேராக 3 தடவை சோதியுங்கள் என்பது. அப்புறம், அந்த 5 பேர் உங்கள் ஆபீஸ் நண்பர்களாக இருக்கக் கூடாது.

பட்டன் எவ்வளவு பெரிதாக இருக்கணும்?

ஆப்பிள் 44 பாயின்ட் என்கிறது, கூகுளின் டிசைன் வழிகாட்டியான மெட்டீரியல் டிசைன் 48 டிபி என்கிறது (பாயின்ட், டிபி இரண்டும் ஸ்கிரீனில் அளக்கும் அலகுகள்). சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5:1 என்ற விகிதத்தில் இருக்கணும். வெளிர்சாம்பல் எழுத்து லேப்டாப்பில் அழகாகத்தான் இருக்கும், மத்தியான வெயிலில் பஸ் ஸ்டாப்பில் நின்று படித்துப் பாருங்கள்.

எனக்கு இனிஷியல் மட்டும்தான். "லாஸ்ட் நேம் கட்டாயம்" என்கிற படிவங்களில் என்ன போடுவது சார்?

(சார் இல்லை, பரவாயில்லை.) தப்பு உங்கள் மேல் இல்லை, படிவத்தின் மேல். எல்லாருக்கும் குடும்பப் பெயர் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு யாரோ இரண்டு பெட்டி வரைந்துவிட்டார்கள். ஒருவர் புள்ளி வைப்பார், ஒருவர் அப்பா பெயரைப் போடுவார், இன்னொருவர் தன் பெயரையே இரண்டு தடவை அடிப்பார், கடைசியில் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போகாமல் அவர்தான் கவுன்ட்டரில் நிற்பார். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயருக்கான இடத்தில் எஃப்என்யூ ("முதல் பெயர் தெரியவில்லை" என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகி வருவதும் இதே கோளாறுதான். உங்களுக்கு என் யோசனை, பயணப் படிவம் என்றால் பாஸ்போர்ட்டில் இருப்பது எதுவோ அதையே, அதே வரிசையில் போடுங்கள். டிசைனர்களுக்கு: "முழுப் பெயர்" என்று ஒரே பெட்டி. பிரிட்டிஷ் அரசின் டிசைன் வழிகாட்டியும் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறது.

ஆப்பைத் தமிழில் மாற்றியதும் எல்லாம் உடைந்துவிட்டது, ஏன்?

ஆங்கிலத்தில் வரைந்து முடித்துவிட்டுக் கடைசி வாரம் தமிழை ஊற்றினால் அப்படித்தான். பட்டனின் உயரத்தையும் அகலத்தையும் பூட்டி வைத்திருப்பீர்கள், மேலே கொக்கியும் கீழே சுழியும் வெட்டுப்படும். கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கிற யூனிகோடில் "கு" இரண்டு குறியீடு, அதனால் 20 எழுத்து வரம்பு என்று புரோகிராமில் போட்டால் தமிழில் அவ்வளவு எழுத்து கொள்ளாது. எஸ்எம்எஸ்ஸும் கவனியுங்கள், ஆங்கிலத்தில் ஒரு மெசேஜுக்கு 160 எழுத்து, தமிழில் 70 குறியீடுதான், நீட்டி எழுதினால் ஒன்று மூன்றாகிச் செலவும் ஏறும். முதல் ஸ்கிரீனையே தமிழில் வரையுங்கள்.

டிசைன் என்றால் ஸ்கிரீன் வரைவதுதானே?

டீக்கடையில் "பத்து ரூபாய் பெறப்பட்டது" என்று கத்துகிற பெட்டியைப் பாருங்கள். 2016-இல் யூபிஐ வந்தபின் கடைக்காரருக்குப் புதுத் தலைவலி, பணம் வந்ததா என்று பார்க்க டீ ஆற்றுகிற கையைத் துடைத்து ஃபோனை எடுக்கணும், அதற்குள் பொய் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டு ஒருவர் நழுவிவிடுவார். இன்னொரு அழகான ஸ்கிரீன் இதற்கு உதவாது, காதுக்குத்தான் செய்தி போகணும். அந்தப் பெட்டியில் ஸ்கிரீனே இல்லாவிட்டாலும் வேலை முடிந்துவிடும், அதனால்தான் எனக்கு அது பிடிக்கும்.

மேனேஜர் பயனரைப் பார்க்கவே விடமாட்டேன் என்கிறார். என்ன செய்ய?

வாதாடாதீர்கள். யாராவது ஒருவர் உங்கள் ஆப்பில் திணறுவதை, அவர் சம்மதத்தோடு, இரண்டு நிமிட வீடியோ எடுத்து அடுத்த மீட்டிங்கில் போடுங்கள். அதையும் பார்த்துவிட்டு "அவருக்குப் படிப்பு போதாது" என்று சொன்னால், சரி, ரெஸ்யூமேயைத் தூசி தட்டிவிடுங்கள்.