மிச்ச மரத்தில் ஒரு கரண்டி

கேள்வி: அலமாரி செய்தபோது மிஞ்சிய மரத்துண்டுகள் ஒரு மூட்டை கிடக்கின்றன. எரிக்க மனம் வரவில்லை. சமையலறைக்கு ஏதாவது செய்யலாமா? ரம்பமும் ஒரு தட்டை உளியும்தான் கைவசம் உள்ளன.

பதில்: தாராளமாகச் செய்யலாம். முதலில் மூட்டையை அவிழ்த்து இரண்டு குவியலாக்குங்கள். ப்ளைவுட், எம்.டி.எஃப். (மரநாரைப் பசையில் அழுத்திச் செய்த பலகை), பெயின்ட் பட்டது, கரையான் மருந்து ஏறியது எல்லாம் ஒரு பக்கம். சாப்பாடு படும் எதற்கும் அவை ஆகாது. ப்ளைவுட் ஏடுகளை ஒட்டும் பசையில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் இருக்கும். சரக்கு அடுக்கும் பலகை கலந்திருந்தால் முத்திரையைப் பாருங்கள். ‘எம்.பி.’ (MB) என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சுப் பூச்சிமருந்துப் புகை போட்டது. அதைத் தொடவே வேண்டாம். ‘எச்.டி.’ (HT) என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கியதுதான். ஆனாலும் அதன்மேல் என்னவெல்லாம் கொட்டியதோ! சுவர்த் தட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் முழு மரம். கையில் கனமாக, ரேகை நெருக்கமாக, வைரம் பாய்ந்த துண்டைத் தனியே எடுங்கள். 30 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம், 1 செ.மீ. கனம் தேறினால் ஒரு தட்டைக் கரண்டி நிச்சயம். குழிக்கரண்டிக்கு வளைந்த உளி வேண்டும், அது அப்புறம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: நார் காம்பின் நீளவாக்கில் ஓட வேண்டும். என் முதல் கரண்டியில் நார் குறுக்கே ஓடியது. துண்டு அப்படித்தான் வாய்த்தது, அழகான ரேகையை விட மனமில்லை. மூன்று நாள் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். கெட்டியாக ஒன்றைக் கிளறிய முதல் தடவையே கழுத்தில் படக்கென்று ஒடிந்தது. ஒடிந்த இடம் ரம்பம் போட்டதுபோல் நேராக இருந்தது. அந்த இரண்டு துண்டும் இன்னும் என்னிடம் உண்டு. வேலை கற்க வருபவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுகிறேன்.

உப்புத்தாள் 80, 120, 220 என்று, சொரசொரப்பு குறைந்துகொண்டே போகும் எண் வரிசையில் போடுங்கள். அதோடு நிறுத்தாமல் ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். வழவழவென்றிருந்த மரம் பூனை நாக்குபோல் சொரசொரக்கும். படுத்திருந்த நார் எழுந்துவிட்டது. மறுபடி 220 போட்டு லேசாகத் தேய்த்தால் பிறகு கழுவும்போது அவ்வளவாக எழாது.

கேள்வி: நானே செய்த நறுக்கும் பலகைக்குச் சமையல் எண்ணெய் பூசினேன். சில வாரங்களில் சிக்கு வாடை வருகிறது. என்ன செய்வது?

பதில்: அந்த எண்ணெய் மரத்துக்குள் உலராமல் கிடந்து காற்றுப்பட்டுக் கெட்டுவிட்டது. வெந்நீரும் சோப்பும் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவி, முழுக்கக் காய்ந்ததும் மேலாக உப்புத்தாள் போடுங்கள். பிறகு உணவுத் தர மினரல் ஆயில் (பெட்ரோலியத்தைச் சுத்திகரித்து எடுக்கும் நிறமற்ற எண்ணெய்) பூசுங்கள். அது சிக்குப் பிடிக்காது. நாலு பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு தேன்மெழுகு என்று, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கிக் கலந்தால் இன்னும் நல்லது. பலகையின் நுனிகளில் இரண்டு மூன்று முறை பூசுங்கள். நார் வெட்டுப்பட்டு வாய் திறந்திருக்கும் இடம் அதுதான், தண்ணீரை அங்கேதான் அதிகம் குடிக்கும்.

ஆளி விதை எண்ணெய் உலரும், ஆனால் பெயின்ட் வேலைக்கு விற்கும் ‘காய்ச்சிய’ வகையில் உலோக உப்புகள் சேர்ந்திருக்கலாம். சமையலறைக்கு வேண்டாம். ஆளி எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போடுங்கள்.

கேள்வி: பலகை நடுவில் வளைந்துவிட்டது. தூக்கிப்போடவா?

பதில்: வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் நனைந்து காய்ந்திருக்கும். குழிந்த பக்கத்தை ஈரத்துணியில் கவிழ்த்து ஓரிரவு வையுங்கள், பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். இனி இரண்டு பக்கமும் கழுவி, பக்கவாட்டில் நிறுத்திக் காயவையுங்கள்.