சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

கேள்வி: தரம் 9 படிக்கும் மகள் தன் அறைக்குப் பொப் ஆர்ட் (அன்றாடச் சாமான்களையும் பிரபலங்களையும் பளிச்சென்ற நிறத்தில் காட்டும் கலை) படங்கள் கேட்கிறாள். இணையத்தில் ஆறு படங்கள் சேர்ந்த தொகுதி ஒன்று 8,500 ரூபா. எங்களுடையது வீட்டுத்திட்ட வீடு, சுண்ணாம்பு அடித்த சுவர். வாங்கலாமா?
— ஒரு தாய், கிளிநொச்சி

பதில்: முதலில் உள்ளங்கையால் சுவரை ஒருமுறை தடவிப் பாருங்கள். வெள்ளைத் தூள் கையில் ஒட்டினால் ஸ்டிக்கரோ டேப்போ அதில் நிற்காது. என் மகனுக்கு வாங்கிய பெரிய ஸ்டிக்கர் மூன்றாம் நாள் விடியச் சுண்ணாம்பையும் உரித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தது. விற்றவர் சுவரில்தான் பிழை என்றார். அதை வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

உங்களுக்கு ஆணியில் தொங்கும் பிரேம் படம்தான் சரி. பின்பலகை எது என்று கேளுங்கள். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) என்றால் மாரியில் ஈரம் குடித்து ஊதிவிடும், கறையானும் விடாது. அலுமினியம் அல்லது பிளாஸ்டிக் பிரேம் நல்லது. யன்னல் வெயில் நேரே விழும் சுவரை விட்டுவிடுங்கள், நிறம் வெளிறிவிடும். ஒவ்வொரு படமும் எத்தனை சென்ரிமீற்றர் என்று கேட்டு, அந்த அளவுக்குப் பழைய பத்திரிகையை வெட்டிச் சுவரில் பிடித்துப் பாருங்கள். விளம்பரத்தில் பெரிதாகத் தெரிந்தது கொப்பி மட்டை அளவில் வந்து சேர்வதுண்டு.

ஆனால் 8,500 ரூபா கொடுக்கத்தான் வேண்டுமா? பொப் ஆர்ட்டில் பேர்போன அமெரிக்க ஓவியர் அன்டி வோர்ஹோல் 1962இல் வரைந்தது கடையில் விற்கும் சூப் தகரங்களை, ஒரு சுவைக்கு ஒன்றாக 32. அதே ஆண்டில் நடிகை மர்லின் மன்றோவின் ஒரே முகத்தைத் திரை அச்சில் (துணித் திரை வழியே மையைத் தள்ளிப் பதிக்கும் முறை) திரும்பத் திரும்பப் பதித்தார். அன்றாடச் சாமானும் அச்சும்தான் இந்தக் கலையின் உயிர். உங்கள் குசினியில் இருக்கும் நெல்லிரசப் போத்தலை மகள் கைபேசியில் படம் பிடிக்கட்டும். பின்னணியை மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று மாற்றி நான்கு படம் செய்யட்டும். நகரில் உள்ள அச்சகத்தில் பளபளப்பில்லாத ஏ3 தாளில் எடுக்கலாம். அந்த அளவுக்குத் தெளிவாக வர ஏறக்குறைய 3,500க்கு 5,000 பிக்சல் வேண்டும். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் தரம் குறையும், பென் ட்ரைவில் கொண்டுபோங்கள். ஒன்றை மட்டும் முதலில் அச்சிட்டு நிறத்தைப் பார்த்துவிட்டு மற்றதைச் செய்யச் சொல்லுங்கள்.

இல்லை, அந்தத் தொகுதிதான் வேண்டும் என்று அவள் நின்றால், சரி, பொருள் கைக்கு வந்தபின் காசு கொடுக்கும் முறையில் எடுங்கள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட்டையும் பற்றுச்சீட்டையும் வைத்திருங்கள். சொன்னது ஒன்று, வந்தது ஒன்று என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்து முறையிடலாம்.