ஐ.என்.ஆர். 3.4 வந்தால் மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: என் தந்தைக்கு 68 வயது. சீரற்ற இதயத் துடிப்புக்காக மூன்று ஆண்டுகளாக, ரத்தம் எளிதில் உறையாமல் தடுக்கும் வார்ஃபாரின் மாத்திரை சாப்பிடுகிறார். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண் எப்போதும் 2.5-ஐ ஒட்டியே இருக்கும், இம்முறை 3.4. அறிக்கையில் சிவப்பு எழுத்தில் ‘அதிகம்’ என்றிருக்கிறது. ரத்தம் எடுக்க வீட்டுக்கு வருபவர், மூன்று நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு, இனி மாதாமாதம் ‘முழு உறைதல் பரிசோதனை’ செய்யச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: ரத்தக் கசிவு ஏதும் இல்லையென்றால், நீங்களாக நிறுத்த வேண்டாம். மருத்துவரிடம் எண்ணைச் சொல்லிவிடுங்கள், போதும்.

அதே அறிக்கையில் ‘இயல்பு அளவு 0.8 – 1.2’ என்றும் அச்சிட்டிருப்பார்கள், பாருங்கள். அது இந்த மாத்திரையே சாப்பிடாதவர்களுக்கான கணக்கு. உங்கள் தந்தைக்கு இலக்கு அநேகமாக 2 முதல் 3 வரை. ஆக, மருந்து ஒழுங்காக வேலை செய்யும் ஒவ்வொரு முறையும் அந்தத் தாள் சிவப்பில்தான் வரும். ‘வார்ஃபாரின் சாப்பிடுபவர்’ என்று ஒரு வரி சேர்த்து அச்சிடுவதில் ஆய்வகங்களுக்கு என்னதான் சிரமமோ!

நெடுநாள் சீராக இருந்தவருக்கு ஒரு முறை மட்டும் இலக்கின் எல்லையைத் தாண்டி 0.5-க்குள் எகிறினால், அதே அளவைத் தொடர்ந்து, ஓரிரு வாரத்தில் மறுபடி பார்ப்பதே வழக்கம். வார்ஃபாரின் மெதுவாக நகரும் மருந்து. இன்று செய்யும் மாற்றம் தெரியவே இரண்டு மூன்று நாளாகும். மூன்று நாள் நிறுத்தினால் எண் 2-க்குக் கீழே இறங்கிவிடலாம். பக்கவாதம் வராமல் தடுக்கத்தானே இந்த மாத்திரையே?

எண் ஏன் ஏறியது என்று தேடுங்கள். மெட்ரோனிடசோல், ஃப்ளூகோனசோல் போன்றவை புதிதாகச் சேர்ந்தனவா? வயிற்றுப்போக்கா, சாப்பாடு குறைந்ததா? இன்னொன்றும் உண்டு. நீல மூடிக் குழாயில் கோடு போட்டிருக்கும். அதுவரை ரத்தம் நிரம்ப வேண்டும். உள்ளே இருக்கும், ரத்தம் உறையாமல் வைக்கும் சிட்ரேட் திரவம் ஒரு பங்கு என்றால் ரத்தம் ஒன்பது பங்கு. அரைகுறையாக நிரப்பினால் எண் பொய்யாக ஏறும். அடுத்த முறை பக்கத்தில் நின்று கவனியுங்கள். உங்களுக்கு மருந்தளவு சொல்ல வந்தவர், முதலில் குழாயை நிரப்பட்டும்.

‘முழு உறைதல் பரிசோதனை’ வேண்டாம். வார்ஃபாரினைக் கண்காணிக்க ஐ.என்.ஆர். ஒன்றே போதும், மற்றவை விற்பவருக்குத்தான் லாபம்.

‘பரிசோதனையே தேவைப்படாத புது மாத்திரை’ என்றும் சிலர் ஆசை காட்டுவார்கள். அபிக்சபான், ரிவரோக்சபான், டாபிகாட்ரான் ஆகியவற்றுக்கு ஐ.என்.ஆர். வேண்டாம், ஆனால் சிறுநீரகப் பரிசோதனை வேண்டும். உலோக இதய வால்வு பொருத்தியவர்கள் இவற்றின் பக்கமே போகக் கூடாது. திசு வால்வைச் சொல்லவில்லை, உலோக வால்வு. அத்தகையவர்களுக்கு டாபிகாட்ரான் கொடுத்துப் பார்த்த ஆய்வு, ரத்தக்கட்டும் கசிவும் வார்ஃபாரினைவிடக் கூடியதால் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. முடிவு 2013-இல் வெளியானது. உங்கள் தந்தைக்கு இது பொருந்தாமல் இருக்கலாம். ஆனால் ‘பக்கத்து வீட்டுக்காரர் மாற்றிக்கொண்டார்’ என்று மாத்திரையை மாற்றும் குடும்பங்களுக்காக இதை மறுபடி மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது.

கறுப்பு மலம், சிறுநீரில் ரத்தம், தலையில் அடி, திடீர்க் கடும் தலைவலி, இவற்றில் எது வந்தாலும் எண்ணுக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மருந்து எழுதுபவர் ஒருவர், ரத்தம் எடுப்பவர் ஒருவர், எண்ணைப் பார்த்து முடிவு சொல்ல ஆளில்லை: இதுதான் இன்றைய ஏற்பாடு. எனவே அடுத்த சந்திப்பில் இலக்கு எவ்வளவு, அடுத்த பரிசோதனை என்று, எண் மாறினால் யாரை அழைப்பது என்று மருத்துவர் கையாலேயே மருந்துச் சீட்டில் எழுதி வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.