பில் ஏன் வரவில்லை?

அன்புள்ள ஐயா,

படிப்புக்காக ஸ்பெயினில் உள்ள வலென்சியாவுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. நீங்கள் இந்த ஊரில் சில காலம் இருந்ததாக எழுதியிருந்தீர்கள், அதனால் உங்களிடம் கேட்கிறேன். சாயங்காலம் 6 மணிக்குப் பசித்தால் எந்த ஓட்டலிலும் அடுப்பு எரிவதில்லை. ராத்திரி 9 மணிக்கு முன்னால் போனால் நான் மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறேன். நான் சைவம். இறைச்சி வேண்டாம் என்றால் சாலட்டில் சூரை மீனைப் போட்டுத் தருகிறார்கள். காய்கறி பயேயா (இந்த ஊர் அரிசிச் சாப்பாடு) வாங்கினேன், அடியெல்லாம் தீய்ந்திருந்தது. சாப்பிட்டு முக்கால் மணி நேரம் ஆகியும் பில் வரவில்லை. வெளிநாட்டான் என்ற அலட்சியமா? ஒரே ஆறுதல், அரிசியை இங்கே 'அர்ரோஸ்' என்கிறார்கள். நம் சொல்தானே அது? ஒரு சைவன் இந்த ஊரில் எப்படிப் பிழைப்பது?

ஆர்.

அன்புள்ள ஆர்,

முதலில் அந்த அரிசியை இறக்கி வைத்துவிடுவோம். 'அர்ரோஸ்' ஸ்பானிய மொழிக்கு அரபியிலிருந்து வந்தது. உங்கள் ஊருக்குத் தெற்கே அல்புஃபேரா ஏரியைச் சுற்றி நெல் விளைகிறதே, அதற்குப் பிள்ளையார் சுழி போட்டதும் அரபியர்தான். அரபிக்கு முன்னால் அந்தச் சொல் எங்கே இருந்தது என்பதில் மொழியியல்காரர்களின் சண்டை இன்னும் ஓயவில்லை. போன இடத்திலெல்லாம் நம் சொல்லைத் தேடுவதை விட்டுவிட்டு அவர்கள் சொல்லில் பத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். மூன்று மாதத்தில் 'லா குவென்தா, போர் ஃபவோர்' என்பதுகூடவா காதில் விழவில்லை? பில் கொடுங்கள் என்று அர்த்தம். கேட்டால்தான் வரும்.

நேரத்தைப் பற்றிப் புலம்புவதற்கும் ஒன்றுமில்லை. வலென்சியா கிட்டத்தட்ட கிரீனிச் கோட்டின்மேல் இருக்கிறது, வெயிலுக்குப் பொருந்துவது லண்டன் நேரம்தான். ஆனால் 1940-ல் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது, திருப்பி வைக்கவே இல்லை. கோடையில் இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், அதனால் அங்கே கடிகாரம் 2 காட்டும்போதுதான் சூரியன் உச்சிக்கு வருகிறது. வெயிலைப் பார்த்தால் அவர்கள் அப்படியொன்றும் தாமதமாகச் சாப்பிடவில்லை.

சரி, பில்லுக்கு வருகிறேன். கேட்காமல் பில்லை நீட்டினால் எழுந்து போ என்று சொன்ன மாதிரி. அதனால்தான் கொண்டுவரவில்லை. நீங்கள் அலட்சியம் என்று நினைத்தது மரியாதை. சாப்பிட்ட பிறகு மேசையை விட்டு எழாமல் பேசிக்கொண்டிருப்பதற்கு அவர்கள் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்: சொப்ரமேசா. தட்டுகள் போய்விடும், காபி வரும், அதுவும் ஆறிப்போகும், பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். நம் ஊர் மெஸ்ஸில் மதியம் ஒரு மணிக்கு உட்கார்ந்திருப்பீர்கள்தானே? ரசம் ஊற்றும்போதே ஒருவர் நம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவார். மோர் வரும்போது நாற்காலி முதுகில் கை வைத்துவிடுவார். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கும் பசி. ஆனால் வீட்டிலும் நாம் அப்படித்தானே? "சாப்பிடும்போது என்ன பேச்சு" என்பார் என் அப்பா. சாப்பிட்ட பிறகு பேசலாம் என்றால், கை கழுவிய ஈரத்தோடு ஈசிசேருக்குப் போயிருப்பார்.

நான் அங்கே இருந்தபோது அந்த ஏரிக்குப் பக்கத்து ஊரில் ஒரு நண்பர் ஞாயிற்றுக்கிழமை பயேயாவுக்குக் கூப்பிட்டார். (அது மதியச் சாப்பாடு. நீங்கள் ராத்திரியில் போய் அதைக் கேட்டிருந்தால் இனிமேல் கேட்காதீர்கள்.) ஞாயிற்றுக்கிழமை பயேயா பல வீடுகளில் ஆண்களின் வேலை. நண்பரும் அவர் அண்ணனும் தோட்டத்தில் ஆரஞ்சு விறகை எரித்தார்கள். கோழி, முயல், பட்டையான பச்சை பீன்ஸ், கர்ரோஃபோ என்று ஒரு பெரிய வெள்ளை அவரைக்கொட்டை, குங்குமப்பூ. அரிசியைப் போட்டபின் யாரும் கிளறவில்லை, எனக்குத்தான் கை அரித்தது. பயேயா என்பது உண்மையில் அந்தத் தட்டைச் சட்டியின் பெயர். அதை நடுவில் வைத்து ஆளுக்கொரு கரண்டியோடு சுற்றி உட்கார்ந்தோம். நமக்கு நேராக இருப்பதுதான் நம் பங்கு, பக்கத்து வயலில் வரப்பு வெட்டக்கூடாது.

கடைசியில் நண்பரின் அம்மா சட்டியின் அடியைச் சுரண்டி என் பக்கம் தள்ளினார். சொகர்ராத். நீங்கள் தீய்ந்தது என்று ஒதுக்கினீர்களே, அதேதான். எண்ணெயும் குங்குமப்பூவும் இறங்கி மொறுமொறுவென்று அடியில் பிடித்த காந்தல். அது சரியாக வராவிட்டால் சமைத்தவர் முகம் சுருங்கிவிடும். எனக்கு அன்று அது தெரியாது. விருந்தாளிக்குக் காந்தலா என்று உள்ளுக்குள் சுருக்கென்றது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் கரண்டியை எடுத்துக்கொண்டு கழுவ எழுந்தேன். பேச்சு நின்றுவிட்டது. "உடம்புக்கு முடியவில்லையா?" என்று அந்த அம்மா கேட்டார். பிடித்து உட்கார வைத்தார்கள். மறுபடி எழுந்தபோது மணி ஆறரை.

எங்கள் வீட்டில் காந்தல் அம்மாவுக்கு. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மூன்று மணிக்கு, கொல்லைப்புற வாசற்படியில் உட்கார்ந்து பானையைச் சுரண்டிக்கொண்டிருப்பாள். "எனக்கு இதுதான் பிடிக்கும்" என்பாள். நாற்பது வயதுவரை நான் அதை நம்பினேன். நம்மிடம் சொப்ரமேசா ஏன் இல்லை என்றால் வெயில், கூட்டம், எச்சில் கை என்று ஆயிரம் காரணம் சொல்வார்கள். எல்லாம் சப்பைக்கட்டு. சமைத்தவள் இன்னும் சாப்பிடவில்லை, அவ்வளவுதான் விஷயம். அவள் எப்போது உட்காருவது, நாம் யாரோடு பேசுவது? ஸ்பெயினைச் சொர்க்கமாக்க வரவில்லை, வாரத்தின் மற்ற நாட்களில் அங்கேயும் அடுப்படி பெண்கள் தலையில்தான். ஆனால் அன்று அந்த அம்மா மேசைக்கு நடுவில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் எல்லோரையும் கிண்டலடித்துக்கொண்டிருந்தார். என் அம்மாவின் குரலை நான் எந்தச் சாப்பாட்டு மேசையிலும் கேட்டதில்லை. "இன்னும் கொஞ்சம் போடட்டுமா" என்பதைத் தவிர.

அடடா, நீங்கள் கேட்டது சைவத்தைப் பற்றி. 'கார்னே' வேண்டாம் என்றால் அவர்கள் காதில் மாடும் பன்றியும்தான் விழும். சூரை மீன் அதில் சேராது, சில கடைகளில் ஹமோன் (உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை) துண்டுகூடச் சேராது. மீன் இல்லாமல், ஹமோன் இல்லாமல் என்று பெயர் சொல்லி விலக்குங்கள். காலையில் ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து, ஆலிவ் எண்ணெய் விட்டு, உப்புத் தூவிச் சாப்பிடுங்கள். கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்த கறி கிடைத்தால் விடாதீர்கள். பக்கத்தில் அல்போராயாவுக்குப் போய் ஓர்சாத்தா குடியுங்கள், ஒரு வகைக் கோரைக்கிழங்கை அரைத்து எடுக்கிற பால் அது. உருளைக்கிழங்கு தோர்த்தியா, அதாவது கிழங்கு போட்ட தடித்த ஆம்லெட், எந்த பாரிலும் இருக்கும், ஆனால் நீங்கள் முட்டை சாப்பிடுவீர்களா என்று எழுதவே இல்லையே?