பி53 ஆன்டிபாடி: அந்த பேண்டை எப்போது நம்பலாம்?

மனித பி53 என்ற டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டரை (மற்ற ஜீன்களைத் தூண்டிவிடும் புரதம்) கண்டறியும் முயல் பாலிகுளோனல் ஆன்டிபாடி பற்றி வடசென்னை ஆய்வகப் பிள்ளைகள் கேட்டவையும் என் பதில்களும். பிளாட் என்றால் வெஸ்டர்ன் பிளாட்: புரதங்களை ஜெல்லில் எடைப்படி பிரித்து ஆன்டிபாடியால் கண்டறியும் சோதனை. அதில் புரதம் தெரியும் கோடுதான் பேண்ட்.

ராயபுரம் மாணவி: அக்கா, கணக்குப்படி பி53-இன் எடை 44 கிலோடால்டன். என் பேண்ட் 53 பக்கத்தில் நிற்கிறது. தப்பா?

தப்பே இல்லைம்மா. 393 அமினோ அமிலங்களுக்குக் கணக்கு 43.7தான். புரோலின் நிறைந்த பகுதி இருப்பதால் எஸ்டிஎஸ் ஜெல்லில் மெதுவாக நகர்கிறது.

வியாசர்பாடி மாணவர்: ஹீலா என்ற கர்ப்பப்பை வாய்ப் புற்றுச் செல்லில் பேண்டே வரவில்லை. ஆன்டிபாடி கெட்டுவிட்டதா?

ஆன்டிபாடி மேல் பழி போடாதீர்கள் தம்பி. ஹீலாவில் எச்பிவி-18 வைரஸின் ஈ6 புரதம் இருக்கிறது. பி53 உருவாக உருவாக அதைச் சிதைவுக்கு அனுப்பிவிடும். எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுச் செல்லுக்கு, டிஎன்ஏவைச் சேதப்படுத்தும் டாக்ஸோரூபிசின் மருந்தைக் கொடுத்து லைசேட் (செல்லை உடைத்து எடுக்கும் புரதக் கரைசல்) எடுங்கள்; டிஎன்ஏ சேதமானால் பி53 நிலைத்து நிற்கும், பேண்ட் நன்றாக ஏறும்.

ஜெல்லில் பக்கத்து லேனில் (ஒரு மாதிரி ஓடும் வரிசை) எச்1299 என்ற நுரையீரல் புற்றுச் செல்லின் லைசேட்டைக் கட்டாயம் ஓட்டுங்கள். அந்தச் செல்லில் பி53 புரதம் கிடையாது. அங்கேயும் அதே இடத்தில் பேண்ட் தெரிந்தால், உங்கள் ஆன்டிபாடி வேறெதையோ பிடிக்கிறது. இந்த லேன் இல்லாத பிளாட், பார்க்க எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், நான் ஏற்க மாட்டேன். பாலிகுளோனல் என்றாலே முயலின் சீரத்தில் கிடைக்கும் பல ஆன்டிபாடிகளின் கலவை. ஒவ்வொன்றும் புரதத்தில் வெவ்வேறு இடத்தைப் பிடிக்கும். அதனால் கொஞ்சம் புரதம் இருந்தாலும் சிக்னல் வரும், கூடவே வேண்டாத பேண்டும் வரலாம். அடுத்த லாட் வேறு முயலிலிருந்து வந்திருக்கலாம். எனவே லாட் எண் மாறினால் எச்1299-ஐ மறுபடி ஓட்டுங்கள்.

தண்டையார்பேட்டை டெக்னீஷியன்: ராத்திரி கரண்ட் போய் ஃப்ரீசர் நின்றுவிட்டது. உள்ளே இருந்த ஆன்டிபாடியைத் தூக்கிப் போடணுமா?

அவசரப்படாதீர்கள். 50 சதவீத கிளிசரால் இருந்தால் அது மைனஸ் 20-இல் உறைவதே இல்லை, உருகும் பேச்சும் இல்லை. பழைய கன்ட்ரோல் லைசேட்டை வைத்து ஒரு பிளாட் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள். கிளிசரால் இல்லாததை, திரும்பத் திரும்ப உறைந்து உருகாமல் இருக்க, இனிமேலாவது சின்னச் சின்ன டியூபில் பிரித்து வையுங்கள். அப்புறம், ஆன்டிபாடி கெடாமல் இருக்க அதில் பெரும்பாலும் சோடியம் அசைடு இருக்கும். எச்ஆர்பி செகண்டரி (முதல் ஆன்டிபாடியைப் பிடிக்கும், எச்ஆர்பி என்சைம் ஒட்டிய இரண்டாவது ஆன்டிபாடி) கலக்கும் பஃபரில் மட்டும் அசைடைச் சேர்க்காதீர்கள், என்சைம் முடங்கிவிடும்.

பெரம்பூர் மாணவி: இந்த ஆன்டிபாடியால் சாயமேற்றிய புற்றுக் கட்டித் திசுவில் நியூக்ளியஸ் அடர் பழுப்பாக ஏறுகிறது. பி53 நன்றாக வேலை செய்கிறது என்று எழுதலாமா?

எழுதாதேம்மா. மியூட்டேஷன் ஆன பி53 சிதையாமல் குவிந்தாலும் இப்படித்தான் ஏறும். ஆன்டிபாடி காட்டுவது புரதம் இருப்பதை மட்டும். வேலை செய்கிறதா என்று தெரிய, பி53 தூண்டிவிடும் பி21 புரதத்தையும் சேர்த்துப் பார்.